காலை உதையும் மாலை உதையும்



காலை ஆறு மணி. கொட்டச்சேடு என்ற மலைக் கிராமத்தில், காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் ஏறின மிளகுக் கொடியிலிருந்து பனி சொட்டுகிறது. பையன்கள் பந்தோடு வந்தாயிற்று. உதைத்தால் பந்து எங்கேயோ போகிறது. கோல்கீப்பர் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நிற்கிறான்.

"சோம்பேறிப் பசங்க" என்கிறார் வேலியோரம் நின்ற பெரியவர்.

பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. விடிவதற்குச் சற்று முன்னால் உடம்புச் சூடு இருப்பதிலேயே குறைவு, சாயங்காலம்தான் உச்சம். வித்தியாசம் ஒரு டிகிரி செல்சியஸ் அளவுகூட இராது. அந்தத் துளிச் சூட்டில்தான் தசை இளகுகிறது, உதைக்கு வேகம் வருகிறது. இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பழ ஈயை வைத்துக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு!

ஆனால் கடிகாரத்தை யார் மதிக்கிறார்கள்? 1994 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை, ஐரோப்பிய டிவிக்குத் தோதாக, கலிபோர்னியாவில் உச்சி வெயில் பன்னிரண்டரைக்கு வைத்தார்கள். பிரேசிலும் இத்தாலியும் 120 நிமிஷம் ஓடியும் ஒரு கோல்கூட விழவில்லை.

காலையில்தான் ஆட்டம் என்றால், கூடுதலாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளலாம். தினமும் காலையிலேயே பழகினால் வித்தியாசமும் குறைகிறது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அப்போ சாயங்காலமே ஆடலாமே?" என்றார். பக்கத்திலிருந்த பையன் முந்திக்கொண்டான்:

"சாயங்காலம் மூடுபனி இறங்கிடும் தாத்தா. பந்தே தெரியாது!"