கடலோரம் நடப்போம், வாருங்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் உடல்நலம் பற்றிப் பதினைந்து நிமிடம் பேச வேண்டும் என்று செயலாளர் அக்கா கேட்டார். வைத்தியர் மேடையேறினால் சீனியைக் குறை, உப்பைக் குறை, சோற்றைக் குறை என்றுதான் சொல்வார் என்று இங்கே பலர் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இன்று எதையும் குறைக்கச் சொல்ல வரவில்லை. ஒன்றைக் கூட்டச் சொல்ல வந்திருக்கிறேன். கடலோரம் நடப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். மலையேற்றம் இல்லை, போட்டி இல்லை. எழுபது வயது அக்காவும் பதினேழு வயதுப் பேத்தியும் சேர்ந்து போகக்கூடிய நடை. ஒன்று நம் வீட்டு வாசலில் இருக்கிறது. மற்றது காலியில் இருக்கிறது.

முதலில் யாருக்காகப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் வரும் நோயாளிகளில் ஒரு வகையினர் உண்டு. வயது அறுபத்தைந்துக்கு மேல். வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் குடியிருப்பில் தனியாக இருப்பார்கள். கணவர் இல்லை. ஒரு பிள்ளை ரொறன்ரோவில், ஒரு பிள்ளை லண்டனில். சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் நோ. மருந்தெல்லாம் ஒழுங்காக எடுப்பார்கள். ஆனால் சீனி இறங்காது. “ஆச்சி, வெளியில் நடப்பதில்லையா?” என்று கேட்டால், “எங்கே பிள்ளை நடக்கிறது, தனியவோ?” என்பார்கள். மொட்டை மாடியில் ஏறினால் கடல் தெரியும். இருநூறு மீற்றர் நடந்தால் கடற்காற்று முகத்தில் அடிக்கும். ஆனாலும் அந்தக் கடலை அவர்கள் பார்த்துப் பல மாதம் ஆகியிருக்கும். கோயிலுக்குப் போக முச்சக்கர வண்டி, சந்தைக்குப் போக முச்சக்கர வண்டி. சில நாட்களில் அவர்கள் வாய் திறந்து பேசுவது கைப்பேசித் திரையோடு மட்டும்தான்.

இவர்கள் வேறு யாரோ இல்லை. நம் சங்கத்தின் அக்காமார்கள், நம் அம்மாமார்கள். இன்னும் இருபது வருடத்தில் நாங்களும் அவர்கள்தான்.

இந்தத் தயக்கத்தைச் சோம்பல் என்று சொல்ல நான் தயாரில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. என் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். நாங்கள் படித்த காலத்தில் கடற்கரை என்பது போகக்கூடாத பக்கம். 1996 ஜனவரியில் மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அதே வருடம் ஜூலையில் தெஹிவளை நிலையத்தில் ரயிலில் குண்டுகள் வெடித்தன. அந்த ரயிலில் போனவர்கள் எல்லோரும் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த சாதாரண மனிதர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்தியிலும் சோதனைச் சாவடி. அடையாள அட்டை இல்லாமல் பாண் வாங்கவும் இறங்க முடியாது. தமிழ்ப் பெண்பிள்ளை பொழுதுபட்ட நேரத்தில் கடலோரத்தில் நின்றால் ஆயிரம் கேள்வி வரும் என்று அம்மாமார் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கோ கடல் இன்னும் தூரம். அவர்களுக்கும் கடலுக்கும் நடுவில் துறைமுகம் இருந்தது. கப்பலின் ஊதுகுழல் கேட்கும், கடல் தெரியாது. இப்படிக் கடலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்து, கடலுக்கு முதுகு காட்டி வாழப் பழகிவிட்டோம். சாவடிகள் போய்விட்டன. பழக்கம் மட்டும் போகவில்லை.

காலிமுகத்திடலில் ஒரு கல் இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் அங்குள்ள கடலோர நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்களினதும் சிறுவர்களினதும் நலன் கருதி இதைத் தமக்குப் பின் வருவோரின் பொறுப்பில் விடுவதாக அந்தக் கல்லில் பொறித்து வைத்தார். அவர் மனத்தில் இருந்த பெண்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரச் சீமாட்டிகளாக இருந்திருக்கலாம். ஆனால் கல்லில் எழுதியிருப்பது கொழும்பின் பெண்கள் என்று. நாங்களும் கொழும்பின் பெண்கள்தான். அந்தப் பாதையில் நடக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

இனி முதலாவது நடை. வெள்ளவத்தை ரயில் நிலையத்தடியில் தொடங்கி, மரைன் டிரைவ் வழியாகப் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டிக் காலிமுகத்திடல் வரை. ஐந்தாறு கிலோமீற்றர். பாதை மட்டமானது. ஏற்றம் இல்லை. முழுவதும் நடக்க வேண்டியதும் இல்லை. பம்பலப்பிட்டியில் களைத்தால் அங்கிருந்து பஸ்ஸில் திரும்பலாம். காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். மாலையில் என்றால் ஐந்து மணிக்குப் பிறகு. மேற்குக் கரை என்பதால் சூரியன் கடலில் இறங்குவதை முழுவதும் பார்க்கலாம். காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை விற்பார்கள். ஒரு வடைக்கு வைத்தியர் அனுமதி உண்டு.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாதையில் வீதிக்கும் கடலுக்கும் நடுவில் தண்டவாளம் ஓடுகிறது. கடலுக்குக் கிட்டப் போகும் ஆசையில் தண்டவாளத்தின் மேல் நடக்கிறவர்களை நாளும் காண்கிறோம். காதில் பாட்டு, முகத்தில் காற்று, பின்னால் ரயில். அலைச் சத்தத்தில் ரயில் வரும் சத்தம் கேட்காது. தயவுசெய்து வீதியோர நடைபாதையிலேயே நில்லுங்கள். கடக்க வேண்டுமானால் கடவையில் கடவுங்கள்.

இரண்டாவது நடை காலிக் கோட்டை மதில். இதற்கு ஒரு முழு நாள் வேண்டும். போகும் ரயில் பயணமே பாதி இன்பம். இந்தக் கரையோரப் பாதை 1894இல் காலியை அடைந்தது. கோட்டை நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம். வலது பக்க யன்னலைப் பிடியுங்கள். கல்கிசைக்கு அப்பால் பல இடங்களில் கடல் யன்னலுக்குள் வந்துவிடும்.

ஹிக்கடுவைக்குச் சற்று முன்பு பெரலிய என்ற இடம் வரும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை ஒரு ரயிலையே அங்கே புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த இடத்தைத் தாண்டும்போது என் பிள்ளைகளைப் பேச்சை நிறுத்தச் சொல்வேன். கடல் அழகு என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது.

காலி நிலையத்தில் இறங்கினால் கோட்டை நடை தூரம். போர்த்துக்கீசர் தொடங்கியதை, 1640இல் காலியைப் பிடித்த ஒல்லாந்தர் பெரிதாக்கிக் கட்டிய மதில் இது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. பிரதான வாயில் பிரித்தானியர் 1873இல் திறந்தது. அதற்குப் பக்கத்தில் மணிக்கூட்டுக் கோபுரம். அதனடியில் மதிலில் ஏறி, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள். புல் படர்ந்த அகலமான மதில். ஒரு பக்கம் இந்து சமுத்திரம், மறுபக்கம் ஓட்டு வீடுகளும் தேவாலயமும் பாடசாலையும். தெற்கு முனையில் கொடிப்பாறை. அதைத் தாண்டினால் 1939இல் கட்டிய வெள்ளை வெளிச்ச வீடு. அதற்கு எதிரே பள்ளிவாசல். வெளிச்ச வீட்டைத் தாண்டிய பின் மதிலை விட்டிறங்கி வைத்தியசாலைத் தெரு வழியாக நடக்க வேண்டும். அங்கே ஒல்லாந்தர் காலத்து வைத்தியசாலை இப்போது கடைகளும் உணவகங்களுமாக இருக்கிறது. முடிவில் பழைய வாயில். அதன் உட்புறத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும் உண்டு. நின்று நின்று பார்த்தாலும் ஒன்றரை மணித்தியாலத்தில் சுற்றி வந்துவிடலாம்.

வைத்தியர் என்ற முறையில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று. அந்தக் கோட்டைக்குள் நிலத்தடியில் கட்டிய கழிவுக் கால்வாய்களைக் கடலின் ஏற்றவற்றமே கழுவிவிடும்படி ஒல்லாந்தர் அமைத்திருந்தார்கள். இன்னொன்று, 2004இல் வெளியே காலி நகரத்தின் பஸ் நிலையம் வெள்ளத்தில் அழிந்தபோது, இந்த மதில் உள்ளிருந்தவர்களைப் பெருமளவு காப்பாற்றியது. பீரங்கிக்குக் கட்டிய சுவர் அலைக்கு உதவியது.

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொரு செய்தியும் காலியில் உண்டு. 1911இல் அங்கே ஒரு வடிகால் மூடியாகக் கிடந்த கல்லை எடுத்துப் பார்த்தால், அதில் மூன்று மொழி. சீனம், தமிழ், பாரசீகம். சீனக் கடற்தளபதி செங் ஹேயின் கப்பல்கள் கொண்டுவந்தது. அதில் உள்ள ஆண்டு 1409. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையின் தென்னாவர நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. மூன்று இடத்துக்கும் காணிக்கைகள். தென்கரைக்கு வந்த கப்பலுக்கு, அங்கே தமிழிலும் எழுத வேண்டும் என்று அன்றே தெரிந்திருக்கிறது. அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. காலிக்குப் போகுமுன் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். அதன் பிறகு அந்தக் கரையில் அவர்கள் விருந்தாளிகளைப்போல் நடக்க மாட்டார்கள்.

இனி வைத்தியக் குறிப்புகள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடல் உழைப்பைச் சொல்கிறது. ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம். பேசிக்கொண்டு நடக்க முடிய வேண்டும், பாட முடியாத அளவு வேகம் வேண்டும். அதுதான் கணக்கு. சாப்பிட்ட பின் பத்து நிமிடம் நடந்தாலும் இரத்தச் சீனி ஏறுவது குறையும்.

முழங்கால் நோ உள்ளவர்கள் நடந்தால் தேய்ந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படியில்லை. அளவாக நடந்தால் தசை பலமாகி மூட்டுக்கு உதவும். மட்டமான பாதையில் தொடங்குங்கள். காலிமுகத்திடல் அதற்கு நல்லது. சக்கர நாற்காலியில் வரும் அக்காமாருக்கும் அதுதான் பொருத்தம். காலி மதிலில் படிகளும் மேடுபள்ளமும் உண்டு. பல இடங்களில் விளிம்பில் தடுப்பு இல்லை. படம் எடுக்கப் பின்னால் காலடி வைக்காதீர்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் செருப்பு வேண்டாம், மூடிய சப்பாத்து போடுங்கள். வீடு வந்ததும் பாதத்தைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தால் தெரியாது. இன்சுலின் எடுப்பவர்கள் பையில் குளுக்கோஸோ இனிப்போ வைத்திருங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடையில் நோ, வழக்கமில்லாத மூச்சுவாங்கல், காரணமில்லாத களைப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள், வைத்தியரிடம் போங்கள். பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதுபோல் வராது.

பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். மலசலகூடம் இல்லை என்று நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பீர்கள். அதனால் தலைச்சுற்று வரும், சிறுநீர்த் தொற்று வரும். எங்கே போகலாம் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு தண்ணீர் குடியுங்கள். ஒரு உணவகத்தில் தேநீர் வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை அலை பெரிது. அப்போது பாறையில் இறங்க வேண்டாம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை காலிக்கு நல்ல காலம்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள்.

முதலாவது, இந்த மலரை வெளிநாட்டிலிருந்து வாசிக்கப் போகும் சகோதரிகளுக்கு. அம்மாவோடு கதைக்கும்போது “சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா” என்று கேட்கிறீர்கள். இனி “இன்றைக்குக் கடற்கரைக்குப் போனீங்களா, யாரோடு போனீங்கள்” என்றும் கேளுங்கள். ஓகஸ்டில் வரும்போது கோயில், கலியாணம், சாறிக்கடை எல்லாம் முடித்த பின் ஒரு நாளை அம்மாவுக்கென்று வையுங்கள். அவரை யன்னல் பக்கம் இருத்திக் காலிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது, கொழும்பில் இருக்கும் நமக்கு. நூறு வருடமாக இந்தச் சங்கம் நிதி சேர்த்தது, கட்டிடம் கட்டியது, பிள்ளைகளைப் படிப்பித்தது. இந்த ஆண்டிலிருந்து நடக்கவும் செய்யலாம். மாதத்தின் முதற் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வெள்ளவத்தை நிலையத்தடியில் கூடுவோம். கட்டணம் இல்லை, சீருடை இல்லை. கொட்டாஞ்சேனை அக்காமாரை ஏற்றிவர ஒரு வான் ஒழுங்கு செய்வோம். ஒவ்வொருவரும் தனியாக இருக்கும் ஒரு மூத்த அக்காவின் பெயரை இன்று செயலாளரிடம் கொடுங்கள். அந்த அக்காவின் கதவைத் தட்டிக் கூட்டிவர இளைய தங்கை ஒருத்தியை நியமிப்போம். “எங்கே நடக்கிறது, தனியவோ?” என்று அவர் கேட்கும்போது, “இல்லை அக்கா, என்னோடு” என்று சொல்ல ஒருத்தி வாசலில் நிற்க வேண்டும். அதற்கு மேல் பெரிய மருந்து என்னிடம் இல்லை.

பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது.