ஞாபகத்தில் நிற்கும் வீடு

காரிமங்கலம் அருகே தும்பலஅள்ளி அணைப் பக்கம் போய்வருபவர்களுக்கு அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாம் தெரிந்திருக்கும். கலவரத்துக்கும் போருக்கும் தப்பிப் படகேறி வந்தவர்களும் இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளும் வாழும் இடம். ஊரில் அவர்களுடைய வீடு எப்படி இருந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் அதைத்தான் கேட்டார். தில்லியில் ஓவியம் படித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானவர். போரால் வீடிழந்த தமிழ் பேசும் மக்களிடம் போய், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அப்படிச் சேர்ந்ததுதான் 2011இல் வெளிவந்த 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூல். தோம்பு என்பது இலங்கையில் டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேடு. நூலும் அரசாங்க அலுவலகக் கோப்பு போலத்தான் இருக்கும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று படங்கள். வீட்டுக்காரர் தம் கையால் போட்டது முதல் படம். அதையே ஒரு கட்டடக் கலைஞர் முறையான வரைபடமாக்கியிருப்பார். மூன்றாவது, அந்த நினைவைக் கேட்டு சனாதனன் வரைந்த ஓவியம். கூடவே வீட்டுக்காரர் சொன்ன கதை.

எனக்கு மூன்றிலும் பெரிது முதல் படம்தான். வரைந்தவர்கள் ஓவியர்கள் இல்லை. ஆனால் தங்கள் வீட்டை அறிந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் வீடு என்றால் நாலு சுவர் மட்டுமா? வேலி, படலை என்கிற வாசற்கதவு, கிணறு, குசினி என்கிற சமையலறை, பனை என்று வளவு முழுவதும் வீடுதான். போரின் நடுவே, 1995 அக்டோபர் 30 இரவு, லட்சக்கணக்கானவர்கள் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தார்கள். கையில் அகப்பட்டதுதான் மிச்சம். வீட்டுப் பத்திரம் போனாலும், கிணற்றடி எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரிகிறது. பிறந்த வீட்டை நீங்களும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள், நேயர்களே. பென்சில் முதலில் எந்த மூலைக்குப் போகிறது என்று கவனியுங்கள்.

சனாதனனின் மற்ற வேலைகளையும் விரிவாகச் சொல்ல ஆசை, நேரம் இடம் தரவில்லை. 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், 1981இல் எரிக்கப்பட்டு மீண்ட அதே நூலகத்தில், ஊர்மக்கள் கொடுத்த சின்னச் சின்னப் பொருள்களையே காட்சியாக வைத்தார். பின்னர் கனடாவின் வான்கூவரில், புலம்பெயர்ந்த தமிழர்கள் ஊர் நினைவாக வைத்திருந்தவற்றைக் கண்ணாடிப் போத்தல்களில் இட்டு, அங்குள்ள மானிடவியல் அருங்காட்சியகத்தில் வைத்தார். கொடுத்தவர்களும் அந்தப் படைப்பில் பங்காளிகள்.

நம் முகாம்களில் அந்த வீடுகளை நேரில் கண்டவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் யாராவது பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்து, 'தாத்தா பாட்டியிடம் அவங்க வீட்டை வரைஞ்சு வாங்கிட்டு வா, ஊர்ப் பெயரை மேலே எழுதச் சொல்லு' என்று அனுப்பலாம். இந்த ஆண்டே யாராவது தொடங்குவார்கள் என்று நம்புகிறேன்.