பத்து சதவீதம் யார் கையிலிருந்து?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடில் பண்ணைக்குட்டை பற்றிப் பேசினேன். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க. "மண்ணையும் தண்ணியையும் காப்பாத்த அரசாங்கம் காசு தருது, சரி. அதுல விவசாயி பங்குன்னு ஏன் பத்து சதவீதம் கேக்குறாங்க? முழுசாவே கொடுத்தா என்ன?"

நியாயமான கேள்விதான். ஆனால் இதுக்குப் பதில் சொல்றதுல எனக்கு ஒரு சங்கடம் இருக்கு. அதையும் சேர்த்தே சொல்லிடறேன்.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு நீர்வடிப்பகுதித் திட்டத்தில் சில வருஷம் களப்பணியாளரா இருந்தேன். செம்மண், சரிவான நிலம், ராகியும் நிலக்கடலையும் போடுற மானாவாரிக் கொல்லைங்க. மேட்டிலிருந்து ஆரம்பித்து, பள்ளம் நோக்கி வரப்பு போட்டுக்கிட்டே வரணும். அப்போ நடைமுறையில் இருந்த மத்திய அரசின் 2008 பொது வழிகாட்டு நெறிமுறைப்படி, தனியார் நிலத்தில் செய்யும் வரப்பு மாதிரியான வேலைக்கு நிலத்துக்காரர் குறைந்தது 10 சதவீதம் தரணும்னு இருந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், சிறு, குறு விவசாயிகளுக்கு 5 சதவீதம். அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகாது. ஊரிலேயே ஒரு நிதியாகச் சேரும். திட்டம் முடிந்து நாங்க கிளம்பின பிறகு, தடுப்பணை மாதிரியான பொதுச் சொத்துகளைச் சரி பண்ண அந்த நிதிதான் கையிருப்பு. காகிதத்தில் படிக்கும்போது எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விதி.

பங்கு கேட்கிறதுக்கு முன்னாடி, எதுக்குன்னு புரிய வைக்கணும் இல்லையா? கூட்டம் போட்டு சார்ட் காட்டிப் பேசினேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டாங்க. ஒரு நாள் நல்ல மழை. ஒரு கொல்லையிலிருந்து சிவப்பா ஓடின தண்ணியை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடிச்சு டீக்கடை மேஜை மேல வெச்சேன். ராத்திரி முழுக்கத் தெளிய விட்டாச்சு. காலையில் டீ குடிக்க வந்தவங்க பார்த்தா, பாட்டிலின் அடியில் ரெண்டு விரல் கனத்துக்கு மண். "இது யார் கொல்லை மண்ணு?"ன்னு ஒருத்தர் கேட்டார். அவர் கொல்லையோடதுதான். அப்புறம் ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணி. அதாவது பெரிய தண்ணி லாரி மூணு நாலு. அன்னைக்கு நடந்த அளவுக்குப் பாடம் அதுக்கப்புறம் எந்தக் கூட்டத்திலும் நடக்கலை.

சரி, எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. வேலையும் ஆரம்பிச்சது. மண்வெட்டியும் கூடையுமா இருபது முப்பது பேர், பெரும்பாலும் பெண்கள். நான் அளவெடுப்பேன், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன். வாரக் கடைசியில் ஊர்க் குழு கூலி கொடுக்கும்.

ஒரு சனிக்கிழமை, கூலி வாங்கின ஒரு அக்கா நேரா என்கிட்ட வந்தாங்க. "தம்பி, வரப்பு அவங்க கொல்லையில. மானியம் அவங்களுக்கு. பங்குன்னு சொல்லி என் கூலியில ஏன் பிடிக்கிறீங்க? எனக்குக் கால் காணி நிலம் கூடக் கிடையாதே."

எனக்கு ஒண்ணும் புரியலை. குழுத் தலைவரைக் கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "எல்லா ஊர்லயும் இப்படித்தான் சார். நூறு ரூபாய்க்கு வேலை செஞ்சா தொண்ணூறு கொடுப்போம். பத்து ரூபாயை நிலத்துக்காரர் பங்குன்னு வரவு வெச்சிடுவோம்." ஐந்து வாரமா அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது நான்தான். வந்தவங்க எத்தனை பேர், எத்தனை கன மீட்டர்னு பார்த்தேனே தவிர, கையில் எவ்வளவு போச்சுன்னு பார்க்கலை. தெரியாது என்கிறது உண்மை. தெரிஞ்சுக்க முயற்சி பண்ணலை என்கிறதும் உண்மை.

வேலையை நிறுத்திட்டுக் கிராம சபை மாதிரி ஊர்க் கூட்டம் கூட்டினோம். பிடிச்ச கூலியைத் திருப்பிக் கொடுக்க முடிவாச்சு. அதுக்குள்ள நாலு பேர் கட்டட வேலைக்குப் பெங்களூரு போயிட்டாங்க. அதில் ரெண்டு பேரைக் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியலை. புது ஏற்பாடு இதுதான்: நிலத்துக்காரர் தன் பங்கைத் தன் கொல்லையில் தானே உழைச்சுக் கொடுக்கலாம், இல்லேன்னா கல்லோ டிராக்டரோ தரலாம், அதுவும் இல்லேன்னா ரொக்கம். பங்கு வந்த பிறகுதான் வேலை. கூலி எல்லார் முன்னாடியும் எண்ணித் தரணும்.

உடனே என்ன ஆச்சு தெரியுமா? மேட்டுக் கொல்லைக்காரர் ஒருத்தர், "எனக்கு வரப்பே வேண்டாம்"னுட்டார். அவர் மேல கோபம் வந்தது. ஆனா அவர் சொன்னதை யோசிச்சா தப்பு சொல்ல முடியலை. "வரப்பு போட்டா என் நிலத்துல ரெண்டு சால் இடம் போகுது. கிணறு ஊறுறது கீழே இருக்கிறவனுக்கு. பங்கு மட்டும் நானா?" அவர் நிலத்தை விட்டுட்டு மத்த இடத்தில் போட்டோம். அடுத்த பெருமழையில், அந்த இடைவெளி வழியா வந்த தண்ணி கீழே மூணு வரப்பை உடைச்சிட்டுப் போச்சு.

உடைஞ்ச வரப்பைப் பார்த்துட்டுக் கீழ்க் கொல்லைக்காரங்க மூணு பேர் அவங்களாகவே பேசி, மேட்டுக்காரர் பங்குக்குத் தாங்களே ரெண்டு நாள் மண் வெட்டினாங்க. எந்த நெறிமுறையிலும் இதுக்குக் கட்டம் கிடையாது. பதிவேட்டில் எப்படி எழுதுறதுன்னு நான் முழிச்சது தனிக் கதை! ஆனா யாருக்குப் பலனோ அவங்க பங்கு போட்ட ஒரே இடம் அதுதான். அடுத்த வருஷம் அந்த வரப்பில் ஒரு உடைப்பு விழுந்தப்போ, நான் போய்ச் சேர்றதுக்குள்ள அடைச்சிருந்தாங்க.

அப்போ முழு மானியம் தப்பா? அப்படிச் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் சொட்டு நீருக்கு, ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவங்களுக்கு 75 சதவீதமும் மானியம் கொடுக்கிறாங்க. கைக்காசு இல்லாத எத்தனையோ பேர் அதனாலதான் சொட்டு நீரே போட்டாங்க. அதே குழாயைச் சுருட்டி மாட்டுக்கொட்டகை மேல போட்டு வெச்சிருந்ததையும் பார்த்திருக்கேன். "ஓசியில வந்தது, அதான் மதிக்கலை"ம்பாங்க. விசாரிச்சா, ஃபில்டரை எப்படிக் கழுவுறதுன்னு யாரும் அவருக்குக் காட்டிக் கொடுக்கலை. அடைச்சுக்கிச்சு, தூக்கிப் போட்டுட்டார்.

என்னைக் கேட்டா, பத்தா ஐந்தா என்கிறதை விட மோசமானது பின்னேற்பு மானியம். முதல்ல முழுச் செலவையும் நீங்க செய்யணும், மானியம் பிறகு வங்கிக் கணக்கில் வரும். கையில் காசு உள்ளவருக்கு இது பிரச்சினையே இல்லை. இல்லாதவர் வட்டிக்கு வாங்குவார். மூணு மாசம் தாமதமானா, அவர் கட்டின வட்டியும் அவர் பங்குதானே? அதை யாரும் சதவீதத்தில் சேர்க்கிறதில்லை. மாமனார் பேரில் பட்டா இருக்கிற பெண்கள் நிலைமை இன்னும் கஷ்டம். சிறு, குறு விவசாயி சான்று வாங்கவே நடையா நடக்கணும்.

அதனால விண்ணப்பிக்கப் போறவங்க மூணு விஷயம் கேட்டுக்குங்க. மானியம் முன்னாடியா, பின்னேற்பா? வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அளவெடுக்க அதிகாரி வருவாரா? அவர் வர்றதுக்கு முன்னாடி தோண்டிட்டா மானியம் கிடைக்காம போகலாம். அப்புறம், ஊர்க் குழு மூலமா நடக்கிற வேலைன்னா, உங்க பங்கு யார் கையிலிருந்து போகுதுன்னு ஒரு தடவை கூலி கொடுக்கிற நாளில் போய் நின்னு பாருங்க.

பட்டா மாற்றம் பற்றித் தனியா ஒரு எபிசோடு செய்யலாம்னு இருக்கேன். உங்க ஊர் அனுபவத்தை வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க.