கார் கம்பெனி வந்தால் நமக்கென்ன?
(ஸ்ரீரங்கத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



தூத்துக்குடியில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-ல் திறக்கப்பட்டது. 2024-ல் ஒப்பந்தம் போட்டபோது சொன்ன முதலீடு 16,000 கோடி ரூபாய். "அது தூத்துக்குடி சமாச்சாரம், திருச்சியில இருக்கிற நமக்கென்ன?" என்று ஒரு அக்கா எங்களைக் கேட்டாங்க. நியாயமான கேள்விதான்.

நம்ம பிள்ளைகள் எத்தனை பேர் மெக்கானிக் கடையில் வேலை பார்க்கிறாங்க? மின்சார வண்டியில் இன்ஜினே கிடையாது. பிஸ்டன், சைலன்சர், ஆயில் மாத்துறது எதுவும் இல்லை. பேட்டரி, மோட்டார், வயரிங்தான். இன்ஜின் வேலை மட்டும் தெரிஞ்ச பையனுக்குப் போகப் போக வேலை குறையும். நாளைக்கே இல்லை, ரோட்டில் ஓடுறது பெரும்பாலும் பெட்ரோல், டீசல் வண்டிதான். ஆனா பேட்டரி வண்டியில் பயிற்சி இல்லாமல் கை வைக்கக் கூடாது. அந்தக் கரண்ட் ஆளையே அடிச்சுடும்.

பெண் பிள்ளைகளுக்கு? போச்சம்பள்ளி ஸ்கூட்டர் ஆலையில் 10,000 பெண்களுக்கு வேலை என்று ஓலா கம்பெனி 2021-ல் அறிவித்தது. அறிவிப்பு வேற, கையில் வாங்குற ஆர்டர் வேற. நிரந்தர வேலையா, கான்ட்ராக்டா, பி.எஃப். பிடிப்பாங்களா, ஹாஸ்டல் எப்படி என்று கேட்டுட்டுத்தான் அனுப்பணும்.

மின்சார ஆட்டோவுக்குக் கடன் கேட்டு யாராவது வந்தால், புது பேட்டரி என்ன விலை, வாரண்டி எத்தனை வருஷம் என்று கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதுங்க. கடன் முடியுமுன்னே பேட்டரி போனால் தவணை யார் கட்டுறது?

பத்தாவது முடிச்ச பிள்ளை வீட்டில் இருந்தால் பேர் கொடுங்க. திருவெறும்பூர் அரசு ஐ.டி.ஐ.யில் மின்சார வண்டிப் படிப்பு உண்டா என்று விசாரிக்க நாங்களும் கூட வர்றோம்.