காற்றாலையும் கிணற்று மோட்டாரும்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்களை ஒட்டி நிற்கும் காற்றாலைகள் இரவும் பகலும் சுழல்கின்றன. "தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இத்தனை காற்றாலை ஓடுகிறது, ஆனால் எங்கள் மோட்டாருக்கு வோல்டேஜ் போதவில்லையே, ஏன்?" என்று அப்பகுதி உழவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரிந்துகொண்டால் நம் மோட்டாரைக் காப்பாற்றும் வழியும் தெரிந்துவிடும்.

இரண்டும் ஒரே இனம்

தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் 1986-ஆம் ஆண்டு காற்றாலைப் பண்ணை அமைக்கப்பட்டது. அக்காலக் காற்றாலை ஒன்றின் திறன் 55 கிலோவாட் அளவே. இன்று தமிழ்நாட்டின் மொத்தக் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

பழைய காற்றாலைகளில் மிகப் பலவற்றின் உள்ளே இருப்பது நம் கிணற்று மோட்டாரின் இனத்தைச் சேர்ந்த இயந்திரமே ஆகும். உங்கள் மோட்டாரின் தகட்டில் நிமிடத்துக்கு 1,440 சுற்று என்று எழுதியிருக்கலாம். மின்கம்பியில் இணைந்திருக்கும்போதே அதனை வேறொரு விசையால் 1,500 சுற்றுக்குச் சற்று மேலாகச் சுழற்றினால், அது மின்சாரத்தை வாங்குவதை விட்டுக் கொடுக்கத் தொடங்கும். காற்று செய்யும் வேலை இதுதான்.

ஆனால் மோட்டாராக ஓடினாலும், மின்னாக்கியாக ஓடினாலும், தன்னுள் காந்தத்தை உண்டாக்க இவ்வியந்திரத்துக்கு ஒரு தனி மின்னோட்டம் தேவை. கவலை இறைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாடு சரிவில் இறங்கும்போது சால் மேலே வருகிறது. பின்னோக்கி ஏறும்போது ஒரு சொட்டு நீரும் வருவதில்லை. ஆயினும் அந்த நடை இல்லாமல் அடுத்த சால் இல்லை. காந்த மின்னோட்டமும் அப்படியே. அது வேலை எதுவும் செய்யாமல் கம்பியில் போய் வந்துகொண்டிருக்கும்; கம்பியில் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

கடைமடைக் கம்பி

துணைமின் நிலையத்திலிருந்து நெடுந்தொலைவு வரும் மெல்லிய கம்பி, கடைமடை வாய்க்காலைப் போன்றது. தொடக்க நாட்களில் ஊர்ப்புறத்து 11 கிலோவோல்ட் கம்பிகளிலும் காற்றாலைகள் இணைக்கப்பட்டன. காற்றாலையும் மோட்டார்களும் ஒரே நேரத்தில் காந்த மின்னோட்டத்தைக் கேட்டால் அக்கம்பியில் அழுத்தம் இறங்கும். அளவுக்கு மேல் இறங்கினால் காற்றாலைகள் தாமாகவே கழன்றுகொள்ளும். மாறாக, இரவில் மோட்டார்கள் ஓடாமல் காற்று மட்டும் பலமாக வீசினால் அழுத்தம் ஏறவும் கூடும். 1990-களில் முப்பந்தல் பகுதியில், கம்பிகள் தாங்காத காரணத்தால், காற்று வீசியும் ஆலைகளை நிறுத்தி வைக்க நேர்ந்தது.

இக்குறையைப் போக்கக் காற்றாலைகளுக்கெனத் தனி மின்பாதைகளும், கயத்தாறு போன்ற இடங்களில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்களும் அமைக்கப்பட்டன. புதிய காற்றாலைகள் மின்னணுக் கருவிகளின் உதவியால் காந்த மின்னோட்டத்தைத் தாமே சீர்செய்துகொள்கின்றன. ஆனால் உங்கள் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே உள்ள கம்பியை இவை சீர்செய்துவிடாது. அங்கே செய்ய வேண்டியது நம் கையில்தான் இருக்கிறது.

கெப்பாசிட்டர் பொருத்துங்கள்

காந்த மின்னோட்டத்தை மோட்டாருக்குப் பக்கத்திலேயே கொடுப்பது கெப்பாசிட்டர் ஆகும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.ஆர்., 7.5-க்கு 3, 10-க்கு 4 என்ற அளவு பொருந்தும். 5 குதிரைத்திறன் மோட்டாரின் திறன் காரணி 0.7 ஆக இருந்து 0.9 ஆக உயர்ந்தால், கம்பி சுமக்கும் மின்னோட்டம் சுமார் 9 ஆம்பியரிலிருந்து 7 ஆம்பியராகக் குறையும். கம்பியில் அந்த மின்னோட்டத்தால் வீணாகும் மின்சாரம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறையும்.

"மின்சாரம் இலவசம்தானே, இதனால் எனக்கென்ன ஆதாயம்?" என்று எண்ணலாம். 1990 முதல் மின்கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் காயில் எரிந்தால் கட்டும் செலவு நம்முடையது. நீரின்றி வாடும் பயிரும் நம்முடையது. அழுத்தம் 20 விழுக்காடு இறங்கினால் மோட்டாரின் முறுக்குவிசை 64 விழுக்காடாகிவிடுகிறது. அதே பாரத்தை இழுக்க மோட்டார் கூடுதல் மின்னோட்டம் வாங்கிச் சூடேறுகிறது.

ஒருவர் மட்டும் பொருத்தினால் பலன் சிறிது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்ந்த அனைவரும் பொருத்தினால் அழுத்தம் உயர்வதை அனைவரும் காணலாம்.

கவனிக்க வேண்டியவை

1. கெப்பாசிட்டரை ஸ்டார்ட்டருக்குப் பின், மோட்டார் பக்கமாக இணைக்க வேண்டும். மோட்டார் நின்றதும் அதுவும் விலகிவிட வேண்டும். இல்லாவிடில் இரவில் கம்பியின் அழுத்தத்தை வீணாக உயர்த்தும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டராயின் மின்வாரியப் பொறியாளரைக் கேட்டு இணைக்கவும்.

2. மின்னோட்டம் குறைவதால் ஓவர்லோடு ரிலேயின் அளவையும் அதற்கேற்பக் குறைத்து வைக்கவும்.

3. இரண்டு பேஸில் மோட்டார் ஓட்ட வைக்கும் கெப்பாசிட்டர் இதுவன்று. அவ்வழக்கம் மோட்டாருக்குக் கேடு.

4. மின்சாரம் வந்தவுடன் எல்லா மோட்டார்களும் ஒருசேரப் புறப்பட்டால் அழுத்தம் சட்டென்று விழும். ஒவ்வொரு மோட்டாரும் புறப்படும்போது வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஆறு மடங்கு வரை இழுக்கும். ஆகவே உங்களுக்குள் முறை வைத்து, ஒருவர் பின் ஒருவராகப் போடுங்கள்.

5. நிறுத்திய பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். உடனே தொடாதீர்கள். காற்றாலை இணைந்த பகுதியில், மின்தடையின்போதும் கம்பி உயிருடன் இருக்கலாம். மின்வாரிய ஊழியர் சோதித்துத் தரையிணைப்புச் செய்யும்வரை எவரும் கம்பத்தில் ஏறக் கூடாது.

பெருமக்களே, கடைமடைக்குத் தண்ணீர் வர வாய்க்காலை ஊர் கூடித் தூர்வாருகிறோம். மின்கம்பிக்கும் அதே ஒற்றுமை வேண்டும். இந்தக் கோடைக்குள் உங்கள் டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்ந்தவர்களை அழைத்துப் பேசி, கெப்பாசிட்டர் பொருத்திப் பயன் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.