எனக்கு இங்கிலீஷ் வராது!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வங்கியில் 37 வருஷம் குப்பை கொட்டியவன் நான். வட்டி விகிதத்தைப் பற்றிப் பேசச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். செயலாளரோ 'இரண்டாவது மொழியைக் கற்பது எப்படி' என்று தலைப்புக் கொடுத்துவிட்டார். ஏனப்பா என்றால், "காலேஜில சேரும்போது தமிழைத் தவிர உனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப இங்கிலீஷ் பேசறே, கன்னடம் பேசறே. எப்படி வந்துதுன்னு சொல்லேன்" என்கிறார். கூடப் படித்தவனைச் செயலாளர் ஆக்கினால் இப்படித்தான், எல்லா ரகசியமும் வெளியே வந்துவிடும்!

ஆகவே நானே ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய ரகசியம்.

1976-ல் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு இங்கே பி.யு.சி.யில் சேர்ந்தோம். பாதிப் பேர் என்னைப் போலத் தமிழ் மீடியம். அதுவரை 'விசை' என்று படித்ததை 'ஃபோர்ஸ்' என்றார்கள். 'முடுக்கம்' எங்கே போனது என்று தேடினோம். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. இங்கிலீஷ் வகுப்பில், முதல்நாள் வராதவர்களை எழுப்பிக் காரணம் கேட்டார்கள். எங்கள் பெஞ்சில் ஒரு நண்பன். பெயர் வேண்டாம். கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவன். எழுந்து நின்றான். "சார், ஐ டிட் நாட் கேம் எஸ்டர்டே சார்" என்றான்.

வகுப்பே சிரித்தது. முதலில் சிரித்தவர்களில் நானும் ஒருவன். எனக்கென்ன இங்கிலீஷ் கரைபுரண்டு ஓடியதா? இல்லை. அடுத்து என்னைக் கேட்டால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். சிரித்துவிட்டால் நானும் தெரிந்தவர்கள் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன் என்று ஒரு நினைப்பு. அவ்வளவுதான் விஷயம்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் அவன் இந்தக் கல்லூரியில் படித்தான். கணக்கில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவான். ஆனால் வகுப்பில் வாய் திறந்து ஒரு இங்கிலீஷ் வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

அவனை அப்படியே விட்டுவிட்டு, என் கதைக்கு வருகிறேன்.

எனக்கு இங்கிலீஷைக் கொஞ்சம் காதில் ஏற்றியது கிரிக்கெட். விடுதியில் ஒரு டிரான்சிஸ்டர். 1980 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். கவாஸ்கர் 166 அடித்தார். நேர்முக வர்ணனையில் முதலில் பேரும் ரன்னும்தான் புரியும். ஆனால் ஆட்டம் எனக்குத் தெரியுமே! அவுட் ஆனால் என்ன சொல்வார்கள், பந்து எல்லையைத் தாண்டினால் என்ன சொல்வார்கள் என்பதை ஊகித்து ஊகித்து, வாக்கியம் வாக்கியமாகப் பிடிபட்டது. நான் இங்கிலீஷ் படிக்கவில்லை, ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் தானாகச் சேர்ந்து வந்தது.

பிறகு வங்கி வேலை. 1989-ல் ஆபீசராக்கி ஹாசன் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். உருளைக்கிழங்கு விளையும் ஊர். வருகிறவர்கள் எல்லாம் பயிர்க்கடன் கேட்கும் விவசாயிகள். எனக்குக் கன்னடத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. முதல்நாள் வாசலில் கால் வைத்ததும் பியூன் கை கூப்பி, "பன்னி சார், பன்னி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கன்னடத்தில் அதற்கு 'வாங்க' என்று பொருள் என்று தெரிய அரைமணி நேரம் ஆயிற்று!

ஒரு மாதம் ஊமை போலத்தான் இருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு சூத்திரம் பிடிபட்டது. நம் 'ப' அங்கே பல இடங்களில் 'ஹ' ஆகிறது. பணம் 'ஹண', பால் 'ஹாலு', புலி 'ஹுலி'. நம் 'வ' அங்கே 'ப' ஆகிறது. வேர் 'பேரு', வில் 'பில்லு', விளைச்சல் 'பெளெ'. ஆகா, கன்னடமே கைக்குள் வந்துவிட்டது என்று எல்லாவற்றையும் மாற்ற ஆரம்பித்தேன். ஜாமீன் போட வந்த ஒரு விவசாயியிடம், அவர் பாட்டியைப் பற்றிக் கேட்கப் போய் 'ஹாட்டி' என்றேன். அவர் திருதிருவென்று விழித்தார். அங்கே பாட்டிக்கு 'அஜ்ஜி' என்று பெயர்.

இப்போது என் 'ஹாட்டி'யையும் நண்பனின் 'டிட் நாட் கேம்'மையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'கம்' என்பதற்கு இறந்தகாலம் 'கேம்' என்று அவனுக்குத் தெரியும். நேற்று நடந்ததற்கு இறந்தகாலம் போட வேண்டும் என்றும் தெரியும். 'டிட்' வந்த இடத்தில் அந்த வேலை முடிந்துவிட்டது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. விதி தெரிந்ததால் வந்த தவறு அது. தாய்மொழியாக இங்கிலீஷ் பேசும் குழந்தைகளே 'வென்ட்' என்பதற்குப் பதில் 'கோட்' என்று சொல்லித்தான் வளர்கின்றன. எந்தத் தாயும் சிரித்து அதன் வாயை அடைப்பதில்லை.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. 1967-ல் பிட் கார்டர் என்ற மொழியியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். மாணவன் செய்யும் தவறு அவன் மனத்துக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் இலக்கணத்தைக் காட்டும் சாட்சி என்றார். 1972-ல் லாரி செலிங்கர், தாய்மொழிக்கும் புதுமொழிக்கும் நடுவே கற்பவன் தனக்கென ஓர் இடைமொழியைக் கட்டிக்கொள்கிறான் என்றார். நாம் சிரித்த 1976-லேயே இதெல்லாம் அச்சில் வந்துவிட்டது. நமக்குத்தான் வந்து சேரவில்லை.

சரி, என் கன்னடம் எப்படித் திருந்தியது? ஒரு பெரியவர் திருத்தினார். தாம் திருத்துகிறோம் என்றே அவருக்குத் தெரியாது. அவரிடம் நான் "நீவு நாளெ பருத்தேனெ?" என்று கேட்டேன். அதாவது "நீங்கள் நாளை வருகிறேனா?" அவர் சிரிக்கவில்லை. "ஹௌது சார், நானு நாளெ பர்த்தீனி" என்றார். "ஆமாம் சார், நான் நாளைக்கு வரேன்." நான் கேட்டதற்குப் பதிலும் கிடைத்தது, 'நான்' என்பதற்கு எந்த முடிவு வரும் என்ற பாடமும் கிடைத்தது. அவருக்குக் கடன் வேண்டும், எனக்கு அவர் கையெழுத்து வேண்டும். இருவருக்கும் காரியம் ஆக வேண்டும். அந்த அவசரத்தில் இலக்கணம் தானாக ஒட்டிக்கொண்டது.

இதையும் நம் பக்கத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். என்.எஸ்.பிரபு என்பவர் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு முயற்சி செய்தார். இலக்கணப் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, அவற்றைக் கொண்டு ஒரு கணக்கைத் தீர்க்கச் சொன்னார்கள். பிள்ளைகளின் கவனம் விடையில் இருக்கும்போது மொழி உள்ளே இறங்குகிறது என்பது அவர் கருத்து. 1987-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். உலகம் முழுக்க ஆசிரியப் பயிற்சியில் இன்றும் 'பெங்களூர் புராஜெக்ட்' என்று அதைச் சொல்கிறார்கள்.

"அதெல்லாம் சின்ன வயசில சரி சார், நமக்கு இனிமே ஏறுமா?" என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. உச்சரிப்பு அச்சாக வர வேண்டுமானால் சின்ன வயது நல்லது, உண்மைதான். ஆனால் 1978-ல் கேத்தரின் ஸ்னோவும் ஒரு சக ஆய்வாளரும் ஹாலந்தில் குடியேறிய இங்கிலீஷ்காரர்கள் டச்சு கற்பதைக் கவனித்தார்கள். முதல் சில மாதங்களில் பெரியவர்களும் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளும் சின்னக் குழந்தைகளைவிட வேகமாகக் கற்றார்கள். குழந்தைகளில் கொஞ்சம் வளர்ந்தவர்கள் பிறகுதான் எட்டிப் பிடித்தார்கள். 2018-ல் சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம் பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வு, இலக்கணத்தைப் பிடிக்கும் வேகம் 17 வயது வரை ஏறத்தாழக் குறையாமல் இருப்பதாகச் சொல்கிறது. நம் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு என்ன வயது? பதினேழு, பதினெட்டு. கதவு அடைபடவில்லை. நாம்தான் அந்த வயதில் சிரித்து அடைக்கிறோம்.

பணி ஓய்வுக்குப் பிறகு அந்த நண்பனின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். ஊரில் விவசாயம் பார்க்கிறான், பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். பேச்சுவாக்கில் சொன்னான், வங்கி எழுத்துத் தேர்வில் இரண்டு முறை பாஸ் செய்தானாம். நான் எழுதிய அதே தேர்வு. இன்டர்வியூவுக்குக் கடிதமும் வந்ததாம். இரண்டு முறையும் போகவில்லை. "எனக்குத்தான் இங்கிலீஷ் வராதேடா" என்றான்.

அன்றைக்கு நான் சிரித்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அடப் போடா, அதெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிருக்கா" என்றான். ஆனால் நம் சங்கக் கூட்டம் ஒன்றுக்குக்கூட அவன் இதுவரை வந்ததில்லை. இன்றும் அழைத்தேன். வரவில்லை.

'வராது' என்ற சொல்லைக் கவனியுங்கள். கன்னடத்திலும் இதே வழக்குத்தான். 'கன்னட பரல்லா' என்பார்கள். கன்னடம் வராது. மொழி நம்மிடம் வரும் ஒரு விருந்தாளி என்றுதான் நம் பக்கத்து மக்கள் நினைத்திருக்கிறார்கள். வாசலில் நின்று சிரித்தால் எந்த விருந்தாளி உள்ளே வருவார்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். மொழி ஆய்வுக்கூடத்துக்கு நன்கொடை திரட்டலாம் என்று சங்கத்தில் பேச்சு இருக்கிறது. நல்ல காரியம், என் பங்கைத் தருகிறேன். அதோடு இன்னொன்று. உள்ளூரில் இருக்கும் நம்மில் பத்துப் பேர், மாதம் ஒரு சனிக்கிழமை, முதலாண்டுத் தமிழ் மீடியம் பிள்ளைகளோடு உட்காருவோம். பாடம் வேண்டாம். ஒரு வங்கிப் படிவத்தை நிரப்பச் சொல்வோம், வழி கேட்கச் சொல்வோம், அவர்கள் ஊரைப் பற்றி இங்கிலீஷில் பேசச் சொல்வோம். 'டிட் நாட் கேம்' என்று ஒரு பிள்ளை சொன்னால், "ஓ, யு டிட் நாட் கம்? ஒய்?" என்று கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்வோம். ஹாசன் பெரியவர் எனக்குச் செய்தது அவ்வளவுதான்.

இதற்குக் காசு செலவில்லை. சிரிக்காமல் இருக்கத் தெரிந்தால் போதும். நான் பெயர் கொடுத்துவிட்டேன். மீதி ஒன்பது பேர் சாப்பாட்டுக்குப் போகுமுன் செயலாளரிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.