கையில் வலி, கழுத்தில் காரணம்

(ஆசிரியர்களுக்கான உடல்நல முகாமில் ஆற்றிய உரை)



வகுப்பறையில் விளக்கு எரியவில்லை என்றால் பல்பை மட்டுமா பார்க்கிறோம்? ஒயரையும் சுவிட்சையும் பார்க்கிறோம். கைவலிக்கும் அப்படித்தான். தைலம் கையில் தேய்க்கிறோம். கோளாறு கழுத்தில் இருக்கலாம்.

நம் கழுத்தில் 7 எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7தான்! முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் ஜவ்வு கிடையாது. அதற்குக் கீழே ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு ஜவ்வு உண்டு. எலும்பு 7 என்றாலும் கழுத்து நரம்புகள் 8 இணை. அவை எலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியே வெளிவருகின்றன. கைக்குச் செல்பவை பெரும்பாலும் 5-ஆம் இணை முதல் 8-ஆம் இணை வரை உள்ளவை. மார்பின் முதல் இணையும் சேர்ந்துகொள்ளும். ஜவ்வு பிதுங்கினாலோ, வயதானபின் எலும்பு விளிம்பு வளர்ந்தாலோ, துளை குறுகி நரம்பின் வேர் நசுங்கும். உடனே கையில் சுரீரென்று வலி இறங்கும், விரல் மரத்துப்போகும்.

எந்த விரல் என்று கவனியுங்கள். கட்டைவிரல் என்றால் 6-ஆம் நரம்பு, நடுவிரல் என்றால் 7, சுண்டுவிரல் என்றால் 8 ஆக இருக்கலாம். மணிக்கட்டிலோ முழங்கையிலோ நரம்பு அழுந்தினாலும் விரல் மரக்கும். ஆகவே முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவரே. கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் வலி தணிகிறதா? கழுத்து நரம்பைச் சந்தேகிக்கலாம். தூக்கும்போதே தோள் வலித்தால் தோள்மூட்டைப் பார்க்க வேண்டும்.

பயம் வேண்டாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அறுவை சிகிச்சை இல்லாமலே குறைந்துவிடும். ஆனால் கழுத்தைத் திருகி நெட்டி முறிக்க யாரிடமும் தலையைக் கொடுக்காதீர்கள். விடைத்தாள் திருத்தும்போது மேசையில் சாய்வுப் பலகை வைத்துத் தாளை உயர்த்துங்கள். அரை மணிக்கொரு முறை எழுந்து நடங்கள்.

சாக்பீஸ் பிடியிலிருந்து நழுவுகிறதா, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறதா, நடை தள்ளாடுகிறதா, சிறுநீர் கட்டுப்பாடு மாறுகிறதா? பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். நெடுநாள் நசுங்கிய நரம்பு முழுமையாக மீளாமல் போகலாம். கைவலியோடு நெஞ்சில் இறுக்கமோ வியர்வையோ இருந்தால் அது இதயமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

பிள்ளைகளை நிமிர்ந்து உட்காரச் சொல்லும் நாம், நம் கழுத்துக்கும் அதைச் சொல்வோம்.